உப்பா, மாத்திரையா, ஹைப்போவா? வீட்டு நீச்சல் குளத்துக்கு எது பொருந்தும்

வீட்டில் நீச்சல் குளம் கட்டுகிறவர்களும், கட்டி நாலைந்து ஆண்டு ஆனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: குளோரின் மாத்திரையிலேயே ஓட்டுவதா, கேனில் ஹைப்போ என்னும் குளோரின் திரவத்தை வாங்கி ஊற்றுவதா, அல்லது ஒரேயடியாகச் செலவு செய்து உப்புக் கருவி பொருத்திவிடுவதா? "குளோரினே வேண்டாம்" என்று சொல்லி விற்கப்படும் புற ஊதா விளக்கும் ஓசோன் பெட்டியும் இப்போது இந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டன. கடையில் விசாரித்தால் குளத்தின் நீள அகலத்தை மட்டும் கேட்டுக்கொண்டு விலை சொல்லிவிடுகிறார்கள். அதில் நிரப்பப்போகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வாரத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதைச் சோதித்துப் பார்க்கப்போவது யார் என்று கேட்பவர் அரிது. முடிவைத் தீர்மானிப்பவை அந்த இரண்டும்தான் என்பது என் எண்ணம்.

ஒரு குழப்பத்தை முதலில் நீக்கிவிடலாம். உப்புக் குளம் என்பது குளோரின் இல்லாத குளம் அல்ல. உப்புக் கருவி, தண்ணீரில் கரைந்த உப்பை மின்சாரத்தால் பிரித்து அங்கேயே குளோரின் தயாரிக்கிறது. மாத்திரையோ, ஹைப்போவோ, பிளீச்சிங் பவுடரோ, உப்போ, எதைப் போட்டாலும் கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற ஒரே பொருள்தான். குளோரின் எந்த வழியில் வந்து சேர்கிறது, வந்த பிறகு தண்ணீரில் எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதில்தான் இவை வேறுபடுகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

கணக்குக்காக ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர், 40,000 லிட்டர். நம் வெயிலில், திறந்த வெளியில் இருக்கும் இப்படிப்பட்ட குளம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 பிபிஎம் குளோரினை இழக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஆக, நாளொன்றுக்கு 120 கிராம் குளோரின் தேவை. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த 120 கிராமை வைத்துத்தான். உங்கள் குளம் இதில் பாதி என்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் அளவுகோல், நிரப்பும் தண்ணீர். சென்னைப் புறநகரிலும் கொங்குப் பகுதியிலும் பெரும்பாலான வீட்டுக் குளங்கள் போர்வெல் தண்ணீரை நம்பியவை. கடினத்தன்மை 500 பிபிஎம் இருப்பது சாதாரணம். இதில் பலர் கவனிக்காத விஷயம் ஆவியாதல். கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால், நம் குளத்தில் அது 190 லிட்டருக்குச் சற்று மேல். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர். அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து குளத்திலேயே தங்கிவிடும். குறைந்ததை மீண்டும் போர்வெல்லில் இருந்து நிரப்பினால், கடினத்தன்மை நாளுக்கு 2.4 பிபிஎம், மாதத்துக்கு 70 பிபிஎம் ஏறும். எந்த ரசாயனமும் போடாமலேயே நடப்பது இது. ஓடுகளின் நீர்மட்டக் கோட்டில் வெள்ளையாகப் படிவது இதனால்தான்.

இரண்டாவது, வெயில். பாதுகாப்பில்லாத குளோரின் உச்சிவெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். அதைத் தடுக்கத்தான் சயனூரிக் அமிலம். கடைகளில் ஸ்டெபிலைசர் என்று கேட்டால் கொடுப்பார்கள். 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் நல்லது. மிகுந்தால் அது குளோரினைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும். கிருமியைக் கொல்லும் வேகம் குறையும். ஸ்டெபிலைசர் அளவில் ஏழரை விழுக்காடாவது குளோரின் இருந்தால்தான் பாசி பிடிக்காது என்பது கைக்கணக்கு. 40 பிபிஎம் ஸ்டெபிலைசருக்கு 3 பிபிஎம் குளோரின் போதும். 100 பிபிஎம் ஆகிவிட்டால் ஏழரை பிபிஎம் வேண்டும்.

மூன்றாவது, பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு. இது 7.2 முதல் 7.6 வரை இருக்க வேண்டும். 7.5-ல் குளோரினில் பாதிதான் வீரியமான வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் கால்பங்குதான். நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறை பி.எச். அளவை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்திருப்பது அவசியம்.

நான்காவது, ஆள். வீட்டில் தினமும் ஒருவர் இருக்கிறாரா, அல்லது காவலாளியை நம்பிய வார இறுதி வீடா? கவனிக்காமல் விட்ட குளம் பச்சையாவதோடு நிற்காது. டெங்கு கொசு முட்டையிட அது நல்ல இடம். 2024-ல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபாவால் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, வெதுவெதுப்பான நன்னீரும் குளோரின் போதாமையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எல்லாரும் பேசினார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் குறைந்தபட்சக் குளோரின் அளவு 1 பிபிஎம். ஸ்டெபிலைசர் கலந்த குளமானால் 2 பிபிஎம்.

ஐந்தாவதாகப் பணம். ரசாயனத்தின் விலையைக் கிலோவுக்கு எவ்வளவு என்று ஒப்பிடுவது வீண். அதில் எவ்வளவு குளோரின் இருக்கிறது என்று வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ ட்ரைகுளோர் மாத்திரையில் 900 கிராம். 65 விழுக்காட்டுக் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் 650 கிராம். நல்ல பிளீச்சிங் பவுடரில் 330 கிராம். 10 விழுக்காட்டு ஹைப்போ ஒரு லிட்டரில் 100 கிராம். உங்கள் ஊர்க் கடை விலையை இவற்றால் வகுத்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது மலிவாக இல்லாமல் போகக்கூடும்.

## மாத்திரை

வெள்ளையாக, உள்ளங்கை அளவில், 200 கிராம் எடையில் கிடைப்பது ட்ரைகுளோர் மாத்திரை. மிதவையில் போட்டு மிதக்கவிட்டால் மெல்ல மெல்லக் கரையும். நம் குளத்துக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரையில் மூன்றில் இரண்டு பங்கு, வாரத்துக்கு நான்கைந்து. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், யாரும் தினமும் நிற்க வேண்டாம். சேமித்து வைப்பதும் எளிது. காற்றுப் புகாத வாளியில் வைத்தால் மாதக்கணக்கில் பலம் குறையாது. நாலு நாள் வெளியூர் போகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

இதன் விலை வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ட்ரைகுளோரில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. 10 பிபிஎம் குளோரின் சேர்ந்தால் ஏறத்தாழ 6 பிபிஎம் ஸ்டெபிலைசரும் கூடவே வரும். குளோரின் வெயிலில் தீர்ந்துவிடும், ஸ்டெபிலைசர் தீராது. நாளுக்கு 1.8 என்றால் மாதத்துக்கு 54 பிபிஎம். புதுத் தண்ணீர் நிரப்பி மாத்திரையை மட்டுமே போட்டால் முதல் மாதம் எல்லாம் அற்புதமாக இருக்கும். மூன்றாவது மாதம் 100-ஐத் தாண்டியிருக்கும். அப்போது, "மாத்திரை போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், சோதனையில் குளோரினும் காட்டுகிறது, ஆனாலும் பாசி போகவில்லை" என்று புலம்பல் தொடங்கும். கடைக்காரர் பாசி மருந்து விற்பார். பராமரிப்பவர் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கொண்டுவந்து தூவுவார். பாசி போகும், சுவரில் நீலக் கறையும், பிள்ளைகளின் தலைமுடியில் பச்சைச் சாயலும் வரும். மூலக் காரணத்தை யாரும் தொடவே இல்லை.

ஸ்டெபிலைசரைக் குறைக்க வீட்டளவில் உள்ள வழி, தண்ணீரை இறைத்து வெளியேற்றிப் புதிது நிரப்புவதுதான். பாதியை மாற்றினால் பாதியாகும். நம் குளத்தில் பாதி என்பது 20,000 லிட்டர்; 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு நடை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது இப்படி நீரை மாற்றுவதைப் பற்றி யாரும் பேசவே முடியவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களில் குடிநீரைப் பயன்படுத்தவே தடை விதித்தது. மழைக்காலத்தில் மாற்றலாமே என்றால் அதிலும் சிக்கல் உண்டு. கடற்கரையோர மணற்பாங்கில் நவம்பர், டிசம்பரில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அந்த நேரத்தில் குளத்தை முழுதாகக் காலி செய்தால், அடியில் இருந்து தண்ணீர் தள்ளி, குளத்தின் கட்டுமானமே விரிசல் விடலாம், மேலெழும்பவும் செய்யலாம்.

மாத்திரையின் அமிலத்தன்மையைக் குறையாகச் சொல்வார்கள். மென்மையான தண்ணீரில் அது உண்மை. ஓட்டு இடுக்குப் பூச்சை அரிக்கும். ஆனால் காரத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீரில் அதே அமிலம் உதவியாகிறது. தானாக ஏறும் பி.எச். அளவை மாத்திரை இறக்கிவைக்கும். மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் மட்டும் மாத்திரையைப் போட்டுவிடாதீர்கள். பம்ப் நிற்கும் நேரத்தில் அங்கே தேங்கும் தண்ணீர் கடும் அமிலமாகி, பம்ப் ஓடத் தொடங்கியதும் குழாய்களுக்குள் போகும்.

## ஹைப்போ

சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற முழுப் பெயரைச் சொன்னால் கடையில் ஒரு கணம் யோசிப்பார்கள்; ஹைப்போ என்றால் உடனே கேனைத் தூக்கிக் கொடுப்பார்கள். 10 முதல் 12 விழுக்காடு என்று எழுதியிருக்கும் 35 லிட்டர் கேன் நம் குளத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வரும், நாளொன்றுக்கு 1.2 லிட்டர்.

இந்த வரிசையில் அநியாயமாகக் குறைத்து மதிப்பிடப்படுவது இதுதான் என்பேன். ஸ்டெபிலைசரைச் சேர்க்காது, கால்சியத்தைச் சேர்க்காது. பி.எச். ஏற்றிவிடும் என்பது பாதி உண்மை: ஊற்றியதும் ஏறும், குளோரின் செலவாகும்போது பெரும்பாலும் திரும்ப இறங்கும். மிஞ்சுவது கொஞ்சம் உப்புதான். அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாளுக்கு 3 பிபிஎம் குளோரின் ஹைப்போவாகச் சேர்த்தால் 5 பிபிஎம் உப்பு சேர்கிறது; மழையும், வடிகட்டியைத் திருப்பி ஓட்டிக் கழுவும் பேக்வாஷும் கழித்துவிடாவிட்டால் ஓராண்டில் 1,800 பிபிஎம். உப்புக் கருவி கேட்கும் உப்பில் பாதிக்கு மேல், கேளாமலேயே வந்துசேர்ந்துவிடும்.

ஸ்டெபிலைசரை நீங்கள் தனியாக ஒரு முறை 40 பிபிஎம் அளவுக்குப் போட்டுக்கொண்டால் போதும். நம் குளத்துக்கு 1.6 கிலோ. அதன்பின் மழையில் வழிந்தது, பேக்வாஷில் போனது ஆகியவற்றை மட்டும் ஈடுசெய்ய வேண்டியிருக்கும்.

குறை எங்கே என்றால், ஒன்று சேமிப்பு. வெப்பத்தில் ஹைப்போ தானாகவே பலமிழக்கும். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த கேன், மாதக் கடைசியில் வாங்கியபோது இருந்த ஹைப்போவாக இருக்காது. கடையிலேயே எவ்வளவு நாள் வெயிலில் நின்றதோ, அதையும் யாரும் சொல்வதில்லை. சரக்கு வேகமாக விற்றுத்தீரும் மொத்தக் கடையில், இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் வாங்குவது நல்லது. இன்னொன்று, தினமும் ஊற்ற வேண்டும். மாலையில், வெயில் தாழ்ந்தபின், பம்ப் ஓடும்போது. துணியில் பட்டால் துணி போயிற்று.

தினசரி வேலையை ஒரு சிறிய டோசிங் பம்ப் தீர்த்துவைக்கும். ரப்பர் குழாயைப் பிசைந்து சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் வகை சிறந்தது. ஹைப்போவில் உண்டாகும் வாயுக்குமிழால் அது திணறாது. உப்புக் கருவியின் விலையில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். அந்த ரப்பர் குழாய் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். கடின நீரானால் ஹைப்போ குழாயில் கலக்கும் முனையில் சுண்ணாம்பு அடைக்கும்; மாதமொரு முறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வடிகட்டிக்குப் பிறகே இணைக்க வேண்டும். பெரிய பம்ப் நின்றால் இதுவும் நிற்கும்படி மின் இணைப்பு இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது: பெரிய பம்ப் நின்றபின் குழாய்க்குள் ஹைப்போ தேங்கி, மீண்டும் ஓடும்போது மொத்தமாகக் குளத்துக்குள் பாய்ந்தால், அந்த வாயின் அருகே நீந்திக்கொண்டிருப்பவருக்கு ஆபத்து.

## உப்புக் கருவி

இதைப் பொருத்தியவர்களில் பலர் வேறு முறைக்குத் திரும்ப மாட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. கேன் தூக்க வேண்டாம், மாத்திரை வாங்க வேண்டாம். பம்ப் ஓடும் நேரமெல்லாம் குளோரின் சீராக உண்டாகிறது. 3,000 முதல் 3,500 பிபிஎம் வரையிலான உப்பு கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு, கண்ணீரில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் தண்ணீர் மிருதுவாகப் படுகிறது. கண் சிவப்பது குறைகிறது என்பார்கள். சிவப்புக்குப் பெரும்பாலும் காரணம் தவறான பி.எச். அளவும் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமினும்தான். சீராகக் குளோரின் கிடைத்தால் குளோரமின் தேங்காது, அவ்வளவே.

நம் குளத்துக்கு முதலில் 130 கிலோ உப்பு போட வேண்டியிருக்கும். தூத்துக்குடி உப்பளம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று மூட்டைக் கல் உப்பை வாங்கிக் கொட்டக் கூடாது. அதில் கால்சியம், மெக்னீசியம், மண் எல்லாம் உண்டு. அயோடின் சேராத, சுத்திகரித்த உப்பு வேண்டும். அது பெரிய செலவில்லை, குளத்திலேயே தங்குவது. வடகிழக்குப் பருவமழையில்தான் கரைந்துபோகும்: ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து வழிந்தால் உப்பில் 8 விழுக்காடு வரை போய்விடும். மழை ஓய்ந்ததும் சரிபார்த்து ஈடுசெய்ய வேண்டும்.

பெரிய செலவு செல் எனப்படும் மின்தகடு. ருத்தீனியம், இரிடியம் போன்ற விலையுயர்ந்த உலோக ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகடுகள் அவை. நல்ல தண்ணீரில், சரியாகப் பராமரித்தால் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. அதன்பின் புதுச் செல்லின் விலை, பெரும்பாலும் முழுக் கருவியின் விலையில் பாதியாவது இருக்கும். ஆகவே "ஒரு முறை செலவு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த ஆயுளை நிர்ணயிப்பது உங்கள் போர்வெல். குளோரின் உண்டாகும்போது எதிர்த் தகட்டின் ஓரத்தில் பி.எச். கடுமையாக ஏறும், கால்சியம் வந்து அங்கேயே படியும். கடினத்தன்மை 200 முதல் 400 வரை என்பது உற்பத்தியாளர்கள் பொதுவாகக் கேட்பது. 500-ல் தொடங்கி மாதத்துக்கு 70 ஏறும் குளத்தில் தகடுகளுக்கிடையே சுண்ணாம்பு வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். மின்திசையை மாற்றித் தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதி இருந்தாலும் போதாது. நீர்த்த அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். ஒவ்வொரு ஊறலும் பூச்சைக் கொஞ்சம் தின்னும். ஐந்தாண்டுச் செல் இரண்டாண்டில் தீர்ந்துபோவது இப்படித்தான். கடற்கரையோரப் போர்வெல்லில் இன்னொரு சிக்கல்: கருவி உப்பை நேராக அளப்பதில்லை, மின்கடத்துதிறனை வைத்து ஊகிக்கிறது. தண்ணீரில் ஏற்கெனவே 1,500 பிபிஎம் கரைபொருள் இருந்தால் அதையும் உப்பென்று எண்ணிக்கொள்ளும்.

பி.எச். ஏறிக்கொண்டே இருப்பது அடுத்த விஷயம். தகட்டில் உண்டாகும் ஹைட்ரஜன் குமிழிகள் கரியமில வாயுவையும் சேர்த்து வெளியேற்றுகின்றன, பி.எச். மேலே போகிறது. வாரந்தோறும் அமிலம் ஊற்ற வேண்டும். கேன் தூக்க வேண்டாம் என்றுதானே உப்புக்கு வந்தோம், இப்போது அமிலக் கேன்!

குளத்தைச் சுற்றிப் பதித்த கல்லையும் பாருங்கள். கடப்பாக் கல்லும் கோட்டாக் கல்லும் சுண்ணாம்புக் கல் வகை. உப்பு நீர் தெறித்துக் காய்ந்து, தெறித்துக் காய்ந்து, மேற்பரப்பு உதிரத் தொடங்கும். கிரானைட்டுக்குக் கவலையில்லை. கைப்பிடி ஏணி 316 தர எஃகாக இருக்க வேண்டும். 304 என்றால் பழுப்புக் கறை நிச்சயம். பேக்வாஷ் தண்ணீரை வாழைக்கு விடாதீர்கள். தென்னை ஓரளவு தாங்கும்.

மின்சாரக் கணக்கும் உண்டு. கருவி பம்ப் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும். மணிக்கு 20 கிராம் தரும் செல்லில் 120 கிராமுக்கு ஆறு மணி நேரம் ஓட வேண்டும். கோடையில் அதற்கு மேல். ஒரு குதிரைத்திறன் பம்ப் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுத்தால், நாளுக்கு எட்டு மணி நேரம் என்பது இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். வீட்டு உபயோகமும் அதே மீட்டரில் என்றால் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் தமிழ்நாட்டில் கீழ்ப் படிநிலைகளின் கட்டணமும் சேர்ந்து உயரும். வேகத்தைக் குறைத்து ஓட்டும் பம்ப் போட்டால் மின்சாரம் வெகுவாகக் குறையும். ஆனால் செல் இயங்கக் குறைந்தபட்ச நீரோட்டம் வேண்டும். எந்த வேகம் வரை செல் அணையாமல் இருக்கிறது என்று பொருத்தும்போதே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

## பிளீச்சிங் பவுடர்

ஊராட்சித் தொட்டிக்குப் போடுகிறார்களே, குளத்துக்கும் போடலாமா? போடலாம். நாளொன்றுக்கு 360 கிராம், மாதத்துக்கு ஏறக்குறைய 11 கிலோ. அதில் ஏழு கிலோவுக்கு மேல் சுண்ணாம்பும் கசடும். முதல் நாள் கரைத்துத் தெளியவைத்து மேல்நீரை ஊற்றும் பொறுமை இருந்தாலும், கடின நீர்க் குளத்தில் இது கல்லின் மேல் கல்லை அடுக்கும் வேலை. பச்சையாகிப்போன குளத்தை அவசரமாக மீட்க வேறு எதுவும் கைவசம் இல்லாதபோது பயன்படுத்தலாம்.

## புற ஊதா, ஓசோன், செம்பு

புற ஊதா விளக்கு தன்னைக் கடந்து செல்லும் தண்ணீரில் உள்ள கிருமியை மட்டுமே கொல்லும். சுவரில் ஒட்டிய பாசியையும், இப்போது நீருக்குள் குதித்த பிள்ளையிடம் இருந்து பக்கத்துப் பிள்ளைக்குப் போகும் கிருமியையும் அதனால் தொட முடியாது. ஓசோனும் அப்படித்தான்; வேலை முடிந்ததும் மறைந்துவிடும், குளத்தில் மிச்சம் இருக்காது. ஆகவே இவை குளோரினுக்குத் துணை, மாற்று அல்ல. செம்பு அயனிக் கருவி தண்ணீரில் மிச்சம் வைக்கும் என்றாலும் பாக்டீரியாவைக் கொல்வதில் மந்தம். மயில்துத்தத்தின் கறையும் பச்சை முடியும் இதிலும் உண்டு.

புற ஊதாவுக்கு இடம் இருக்கிறது. குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியை அது முடக்கும். கூரைக்குக் கீழே இருக்கும், வெயில் படாத குளம். தெருப் பிள்ளைகள் எல்லாம் நீச்சல் கற்க வரும் குளம். இவற்றுக்கு அந்தப் பணம் தகும். நாலு பேர் குளிக்கும் மொட்டைமாடிக் குளத்துக்கு அதே பணத்தில் நல்ல மூடுவிரிப்பு வாங்குவேன். பயன்படுத்தாத நேரத்தில் மூடிவைத்தால் ஆவியாதலும் வெயிலில் குளோரின் போவதும் சேர்ந்தே குறையும். எந்த முறையைத் தேர்ந்தாலும் செலவு இறங்கும்.

## ஒரே பார்வையில், 40,000 லிட்டர் குளத்துக்கு

| | மாத்திரை | ஹைப்போ | உப்புக் கருவி |
|---|---|---|---|
| நாள் தேவை | 200 கிராம் மாத்திரையில் மூன்றில் இரண்டு பங்கு | 1.2 லிட்டர் | 20 கிராம் செல் ஆறு மணி நேரம் |
| தண்ணீரில் சேர்வது | மாதம் 54 பிபிஎம் ஸ்டெபிலைசர் | மாதம் 150 பிபிஎம் உப்பு | முதலில் 130 கிலோ உப்பு. பின் ஈடு |
| பி.எச். போக்கு | இறங்கும் | பெரும்பாலும் நிலையாக | ஏறும் |
| ஆரம்பச் செலவு | மிகக் குறைவு | குறைவு. டோசிங் பம்ப் போட்டால் நடுத்தரம் | அதிகம் |
| மறைந்திருக்கும் செலவு | தண்ணீர் மாற்றுதல் | சேமிப்பில் பலமிழப்பு, ரப்பர் குழாய் | புதுச் செல், அமிலம், மின்சாரம், கல் |
| கடின நீரில் | தாங்கும் | தாங்கும். கலக்கும் முனை அடைக்கும் | செல் சீக்கிரம் போகும் |
| ஆள் இல்லாத வாரத்தில் | மிக நன்று | டோசிங் பம்ப் இருந்தால் நன்று | மின்சாரம் இருந்தால் நன்று |

## யாருக்கு எது

கிழக்குக் கடற்கரைச் சாலை வார இறுதி வீடு. காவலாளி மட்டும் இருக்கிறார். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற பழக்கம். இங்கே உப்புக் கருவி வெறும் அலங்காரம். மெயின் அணைந்தால் அதுவும் செத்தது. வாரநாட்களில் மிதவையில் மாத்திரை, வந்து தங்கும் நாட்களில் ஹைப்போ என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஸ்டெபிலைசர் ஏறும் வேகம் குறையும். பருவமழையில் வழிவது மீதியில் கொஞ்சத்தைக் கழுவும். பம்புக்கு மட்டும் தனி இணைப்பும் டைமரும் வைத்து, தினமும் சில மணி நேரமாவது ஓடவிட வேண்டும். தேங்கிய தண்ணீரில் எந்த மாத்திரையும் பரவாது.

குடும்பமே குடியிருக்கும் வீடு, போர்வெல் தண்ணீர், வீட்டில் ஒருவருக்காவது சோதிக்கும் ஆர்வம் உண்டு என்றால் ஹைப்போவும் டோசிங் பம்பும். எனக்கு இதில் தயக்கமே இல்லை.

நிரப்பும் தண்ணீர் மென்மையானது, அல்லது மழைநீரைச் சேமித்து அதிலிருந்து ஈடுசெய்ய வழி இருக்கிறது, சுற்றிலும் கிரானைட், செல் கிடைக்கும், பழுது பார்க்கும் ஆள் அதே ஊரில் இருக்கிறார். இவர் உப்புக் கருவி வாங்கலாம், மகிழ்ச்சியாகவே இருப்பார். தேவையைவிட ஒன்றரை மடங்கு திறனுள்ள செல்லாக வாங்கினால் குறைந்த நேரம் ஓடி அதிக நாள் உழைக்கும். விலை விசாரிக்கும்போதே மாற்றுச் செல்லின் விலையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைச் சொல்லத் தயங்குபவரிடம் கருவியை வாங்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானலில் குளம் வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது: தண்ணீர் 15 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் பல கருவிகள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நிறுத்திவிடும்.

சோதனைப் பெட்டி எந்த முறைக்கும் வேண்டும். மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டு மருந்து மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும், அதில் வேலைக்காகாத குளோரமினும் அடக்கம். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி வகையை வாங்குங்கள். ஸ்டெபிலைசர் அளவு பெரும்பாலான சிறு பெட்டிகளில் இருக்காது. அதற்கான சோதனைத்தாள் தனியாகக் கிடைக்கும், மாதமொரு முறை போதும்.

ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் மிச்சமிருப்பதை எங்கே வைக்கிறார்கள் என்பதில் கவனம் வேண்டும். பாதி வாளி மாத்திரையும் பாதி மூட்டை பிளீச்சிங் பவுடரும் ஒரே அலமாரியில் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டும் வெள்ளை, இரண்டும் குளோரின் வாடை. ஆனால் ஈரத்தோடு ஒன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். மாத்திரை போட்ட மிதவையில் பிளீச்சிங் பவுடரையோ கால்சியம் ஹைப்போகுளோரைட்டையோ போடக் கூடாது. ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றொன்றை அள்ளக் கூடாது. ஹைப்போவும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கேன்கள் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், அமிலத்தை மோட்டார் அறையில் வைக்காமல் வெளியே, நிழலில், பெரிய எழுத்தில் பெயர் எழுதித் தனியாக வைக்கச் சொல்லுங்கள். காவலாளிக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். இப்போதெல்லாம் அது இந்தியாகவோ ஒடியாவாகவோ இருக்கக்கூடும்.